ஷெட்டு ஜீப்பு, முன் வீல் ஆட்டம் (வீட்டுக் குரூப்)

சனிக்கிழமை

விக்னேஷ் · காலை 7:06
[படம்]
பெரியப்பா, நம்ம சிஜே 500டி ஜீப்புக்கு 31 இஞ்ச் டயர், வண்டியை உயர்த்த 2 இஞ்ச் லிஃப்ட், முன்னாடி பெரிய இரும்பு கார்டு, அதுல ஒரு எல்இடி பார். எல்லாத்துக்கும் விலை கேட்டாச்சு. 40-ஐத் தாண்டினா ஸ்டியரிங் படபடன்னு ஆடுது. புது டயர் போட்டா அதுவும் சரியாயிடும்னு டயர் கடையில சொல்றாங்க.

கோத்தகிரி பெரியப்பா · 7:19
டயர் கடையில வேற என்ன சொல்வாங்க.

கோத்தகிரி பெரியப்பா · 7:21
ஆட்டம் கிங் பின்லதான் இருக்கும், அதான் முன் வீல் திரும்பற அச்சு, டயரைக் குத்தம் சொல்லாத. அந்த ஆட்டத்தோட கனமான டயரை மாட்டினா இன்னும் மோசமா உதறும். காசை எடுத்து உள்ள வை.

குன்னூர் சரவணன் அண்ணன் · 7:34
பெரியப்பா சொல்றதுதான் சரி. கணக்குப் போட்டுப் பாரு. இப்ப இருக்கிற 6.00-16 டயர் உயரம் சுமார் 28½ இஞ்ச். 31 போட்டா கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுது. எஞ்சின் ஏத்தத்துல இப்பவே மூச்சு வாங்குது. முள்ளு 40 காட்டும்போது நிஜமா 43, 44-ல போவ. பிரேக் டிரம் மட்டும் அதே பழைய சைஸ்தான், அப்ப நிறுத்தறதுக்கும் கூடுதலா மிதிக்கணும். கொண்டை ஊசியில முழுசா ஒடிச்சா டயர் ஸ்பிரிங் பிளேட்ல உரசும். உரசாம இருக்க ஸ்டாப்பர் போல்ட்டை வெளிய எடுத்தா ஒடிப்பு குறைஞ்சிடும், அப்புறம் கல்லட்டி மலைப்பாதையில 36 வளைவுலயும் ரிவர்ஸ் போட்டுப் போட்டுத்தான் திரும்பணும் 😄

கேத்தி அத்தை · 7:40
ஆர்சி ரினியூவலையும் யோசிச்சுக்க. சொந்த வண்டி 15 வருஷம் தாண்டிட்டா 5 வருஷத்துக்கு ஒருக்கா காட்டணும். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. முன்னாடி மாட்டற கார்டுக்கு 2017 டிசம்பர்லயே தடை. போட்டுட்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் கழட்டிட்டு, மறுபடி மாட்டிக்கிட்டுத் திரியாத.

ஊட்டி சித்தப்பா · 7:41
[படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

கேத்தி அத்தை · 7:42
சின்னண்ணா, இப்பத்தான் ஒரு விஷயம் ஓடுது

ஊட்டி சித்தப்பா · 7:42
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விக்னேஷ் · 7:55
சரிங்க பெரியப்பா, டயர் வேண்டாம். கிங் பின்னா, வீல் பேரிங்கா, வீலைத் திருப்பற கம்பியோட முனை இருக்கே அந்த டை ராடு எண்டா, எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஜாக்கி போட்டுத் தூக்கட்டுமா?

குன்னூர் சரவணன் அண்ணன் · 7:56
நில்லு நில்லு. தூக்கறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்கைப் பத்திச் சொல்லணும்.

குன்னூர் சரவணன் அண்ணன் · 8:03
இந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக் பின் வீல்ல இல்ல. முன், பின் வீலுக்கு இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்கம் சின்ன டிரம் ஒண்ணு இருக்கும், அது பிடிக்கிறது பின் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொபல்லர் ஷாஃப்டைத்தான். அதனால பின் வீல் ஒண்ணை மட்டும் தூக்கினா, ஷாஃப்ட் நின்னாலும் ஆக்ஸில் நடுவுல இருக்கிற கிரவுனுக்குள்ள பல்லு சுத்த வழி இருக்கு. தூக்கின வீல் ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்கிற வீல் எதிர்ப் பக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடும். நம்ம வாசல் எல்லாம் சரிவு வேற.

கோத்தகிரி பெரியப்பா · 8:06
முன்னாடி தூக்கறதா இருந்தாலும் பின் வீல் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கல்லு வை. உருண்டைக் கல்லு வேண்டாம், முனை இருக்கிற கல்லு. கியர்ல விட்டாச்சுன்னு நம்பாத. டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரல்ல கிடந்தா கியர் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் குட்டி லீவரை முதல்ல பாரு.

கேத்தி அத்தை · 8:08
அந்த டிரம்ல ஆயில் வழியுதான்னும் பாருடா. போன மழையிலயே ஷெட்டு தரையில ஒரு கறை இருந்துச்சு.

குன்னூர் சரவணன் அண்ணன் · 8:12
நல்லாக் கேட்டீங்க அத்தை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பின் சீல் போனா ஆயில் நேரா அந்த லைனிங்லதான் இறங்கும். லீவர் கெட்டியா நிக்கும், வண்டி நிக்காது. சீலை மாத்தாம லைனிங்கை மட்டும் மாத்தினா ஒரு மாசத்துல திரும்ப நனைஞ்சிடும்.

விக்னேஷ் · 9:30
கல்லு வச்சாச்சு. ஆக்ஸிலுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கியாச்சு. டிரம் பக்கம் ஆயில் லேசா இருக்கு.

கோத்தகிரி பெரியப்பா · 9:34
அது அடுத்த வாரத்துக்கு. இப்ப டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ள வெளிய ஆட்டு. கடிகாரத்துல 12, 6 மாதிரி. ஆட்டம் இருக்கும். இப்ப உங்கம்மாவை உக்கார வச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டு. மிதிச்சதும் ஆட்டம் நின்னுட்டா அது வீல் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடுதுன்னா கிங் பின். அப்புறம் 3, 9-ல பிடிச்சு ஆட்டு. அதுல மட்டும் கடகடன்னா டை ராடு எண்டு, இல்ல நடுவுல இருக்கிற பெல் கிராங்க் தேஞ்சிருக்கு.

விக்னேஷ் · 9:52
மிதிச்சும் ஆடுது. ரெண்டு பக்கமும். வலது பக்கம் ஜாஸ்தி. 3, 9-ல ஒண்ணும் இல்ல. ஆக்ஸில் முனையில இருக்கிற உருண்டைக்குக் கீழ கிரீஸ் தண்ணி மாதிரி ஒழுகியிருக்கு.

குன்னூர் சரவணன் அண்ணன் · 9:58
கிங் பின் பேரிங்தான். ஒழுகறதை விரல்ல தொட்டு மோந்து பாரு. கிரவுன் ஆயில் வாசனை, அந்தக் கந்தக நாத்தம் வந்தா, ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற சீல் போய் 90 நம்பர் கியர் ஆயில் உருண்டைக்குள்ள வந்து கிரீஸைக் கரைக்குது. பால் கலர்ல இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. வெறும் கிரீஸா இருந்தா வெளி சீல் மட்டும் மாத்தினாப் போதும்.

விக்னேஷ் · 10:01
நாத்தம்தான் வருது அண்ணா

குன்னூர் சரவணன் அண்ணன் · 10:07
அப்ப உள் சீலும் சேர்த்து வாங்கணும். ஆக்ஸில் ஹவுசிங் மேல காத்து போக ஒரு சின்ன மூடி இருக்கும், பிரீத்தர். அதையும் கழட்டிப் பாரு. செம்மண்ணு போய் அடைச்சிருக்கும். அடைச்சிட்டா ஓட ஓடச் சூடான காத்து வெளிய போக வழியில்லாம சீலைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வரும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிக்காது. டீசல்ல கழுவி, வாயில ஊதிப் பாரு, காத்து தாராளமாப் போகணும்.

ஊட்டி சித்தப்பா · 10:15
நடுவுல ஒண்ணு. நம்ம கமாண்டர் ஜீப்பு 92, 93 டிகிரியிலயே கொதிக்குதே, தெர்மோஸ்டாட்டா?

கோத்தகிரி பெரியப்பா · 10:20
ரேடியேட்டர் மூடி. ஊட்டி 2240 மீட்டர். அந்த உயரத்துல வெறும் தண்ணியே 92, 93-ல கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கிற மூடி சரியாப் பிடிச்சாத்தான் 106 வரைக்கும் தாங்கும். ரப்பர் காஞ்ச மூடியோட மேட்டுப்பாளையத்துல ஓடும், ஊட்டியில கொதிக்கும். மூடியை மாத்திட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட் ஊத்து. சூட்டுல திறக்காத.

விக்னேஷ் · 10:24
என்ன என்ன வாங்கணும் அண்ணா? இன்னைக்குக் கோயம்புத்தூர் போறவங்க இருக்காங்க.

குன்னூர் சரவணன் அண்ணன் · 10:40
ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதிக்க. கிங் பின் பேரிங் 4, வெளி வளையம் இருக்கே அந்தக் கப்போட சேர்த்து. ஷிம் செட் 2, மூடிக்கு அடியில போடற மெல்லிசுத் தகடு, அதுல 3, 5, 10, 30 தவு எல்லாம் இருக்கணும் (ஒரு தவுன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு). உருண்டை வெளி சீல் செட் 2, அதோட ஃபெல்ட்டும் வரும். ஆக்ஸில் உள் சீல் 2. ஹப் சீல் 2. ஹப் நட்டு நடுவுல போடற லாக் வாஷர் 2, பழசை மடக்கி மடக்கி மறுபடி போடாத. வீல் பேரிங் கிரீஸ் 1 கிலோ. உருண்டைக்குள்ள ஊத்த 00 கிரீஸ், அது கூழ் மாதிரி இருக்கும். கெட்டி கிரீஸை அடைச்சா ஜாயின்ட்டுக்குப் போய்ச் சேராது, வெறும் 90 ஊத்தினா சீல்ல ஒழுகும்.
ஹப் நட்டுக்கு ஏத்த பாக்ஸ் ஸ்பேனர் கட்டாயம். உளி வச்சு அடிச்சா துகள் பேரிங்குக்குள்ள போய் 1000 கிலோமீட்டர்ல சத்தம் போடும்.

கேத்தி அத்தை · 10:43
பிரேக் ஆயிலும் சேர்த்துக்க, டாட் 3. எப்படியும் டிரம்மைக் கழட்டற.

கோத்தகிரி பெரியப்பா · 10:50
ஆமா. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம்ம மூடுபனிக்குக் கேக்கவே வேண்டாம். புது டாட் 3 கொதிக்கிறது 205 டிகிரியில. ஈரம் ஏறினது 140-லயே கொதிச்சிடும். குன்னூர்லேருந்து கீழ 14 கொண்டை ஊசி பிரேக்கை அமுக்கிக்கிட்டே இறங்கினா 140 எல்லாம் சாதாரணம். ஆயில் ஆவியானா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்து. எந்தக் கியர்ல ஏறுவியோ அதுலயே இறங்கு.

ஞாயிற்றுக்கிழமை

விக்னேஷ் · காலை 8:10
[படம்]
சாமான் வந்தாச்சு. வலது பக்கம் வீல் கழட்டியாச்சு. இடது பக்கம் நட்டு அசையவே மாட்டேங்குது, நீளமா பைப் போட்டும்.

குன்னூர் சரவணன் அண்ணன் · 8:11
நிறுத்து!! எந்தப் பக்கம் திருப்பற? பழைய ஜீப்புல இடது பக்க வீலுக்கு இடது மரை வரும். போல்ட் தலையில எல் எழுத்து குத்தியிருக்கா பாரு. இருந்தா தலைகீழாத் திருப்பு.

விக்னேஷ் · 8:16
இருக்கு 🙈 கழண்டுடுச்சு

குன்னூர் சரவணன் அண்ணன் · 8:25
வலது பக்கத்தை முடிச்சிட்டு இடதுக்குப் போ, ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி வைக்காத. ஹப்பு, டிரம்மு எடுத்ததும் பேக் பிளேட்டோட 6 போல்ட்டு. பிளேட்டை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாத, கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டு. ஹப்பு உக்கார்ற ஸ்பிண்டில் வந்துட்டா ஆக்ஸில் ஷாஃப்டை நேரா வெளிய இழு, திரும்பப் போடும்போதும் நேரா விடு, சாய்ச்சா புது சீலைக் கிழிக்கும். டை ராடு எண்டைப் பிரி. வெளி சீல் பிளேட்டு ரெண்டு அரை வட்டமா வரும். அப்புறம் மேல் மூடி, கீழ் மூடி. மூடிக்கு அடியில எந்த ஷிம் எத்தனை இருந்துச்சுன்னு அட்டையில ஒட்டி வை.

விக்னேஷ் · 10:48
[படம்]
பேரிங் கப்புல கோடு கோடா பள்ளம் விழுந்திருக்கு. உருண்டையில கீழ்ப் பக்கம் துரு.

கோத்தகிரி பெரியப்பா · 10:55
அந்தப் பள்ளம்தான் உன் 40 கிலோமீட்டர் ஆட்டம். ஸ்டியரிங் நேரா இருக்கும்போது உருளை பள்ளத்துல உக்காந்துக்கும், லேசா அதிர்ந்தாலும் தாவும். துருவை 400 எமரி பேப்பர், எண்ணெய் போட்டுத் தேய். நகத்துல தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டா புதுச் சீலை அரம் மாதிரி அறுத்துடும்.

குன்னூர் சரவணன் அண்ணன் · 11:02
கப்பை பித்தளைக் கம்பி வச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டி எடு. புதுக் கப்பு கடைசி வரைக்கும் உக்காந்தா தட்டற சத்தம் மாறும், 'டொக்'குன்னு கெட்டியாக் கேக்கும்.

விக்னேஷ் · 12:30
உக்காந்தாச்சு. மூடி மாட்டி இறுக்கியாச்சு, பழைய ஷிம் அப்படியே போட்டிருக்கேன். இறுக்கம் சரியான்னு எப்படிப் பாக்கறது?

கோத்தகிரி பெரியப்பா · 12:36
காய் எடை போடற ஸ்பிரிங் தராசு இருக்கா? வெளி சீலும் ஆக்ஸில் ஷாஃப்டும் போடறதுக்கு முன்னாடி பாக்கணும். டை ராடு எண்டு வர்ற ஓட்டையில கொக்கியை மாட்டி, அந்த ஸ்டியரிங் ஆர்முக்கு நேர் குறுக்கா, மெதுவா ஒரே சீரா இழு. முதல்ல அசையும்போது காட்டறது கணக்கில்ல, அசைஞ்சுகிட்டே இருக்கும்போது காட்டறதைப் பாரு. 1.8-லேருந்து 2.7 கிலோ வரணும். குறைவா இருந்தா ஷிம்மை எடு, கூடுதலா இருந்தா சேர். மேலயும் கீழயும் சமமா எடு, ஒரு பக்கமே எடுத்தா ஷாஃப்ட் நடுவுல நிக்காது.

கேத்தி அத்தை · 12:38
தராசு நம்ம வீட்டுல இருக்கு, கேரட் மூட்டைக்கு வச்சிருக்கறது. 50 கிலோ தராசுல 2 கிலோ தெரியாது, சின்னதைக் கொடுத்தனுப்பறேன்.

விக்னேஷ் · பகல் 1:40
400 கிராம்தான் காட்டுது.

குன்னூர் சரவணன் அண்ணன் · 1:42
மேல ஒரு 5 தவு, கீழ ஒரு 5 தவு எடு.

விக்னேஷ் · 2:15
3.3 கிலோ. கையால திருப்பவே கஷ்டமா இருக்கு.

குன்னூர் சரவணன் அண்ணன் · 2:17
மேல மட்டும் 3 தவு ஒண்ணு திருப்பிப் போடு. அவ்வளவு வித்தியாசத்துக்கு நடு மாறாது. போட்டுட்டு மூடி போல்ட்டை மூலைக்கு மூலை இறுக்கு, நாலு தடவை முழுசா ஒடிச்சுப் பழக்கிட்டு அப்புறம் தராசு போடு.

கோத்தகிரி பெரியப்பா · 2:20
வீல் பேரிங் மாட்டும்போது: உள் நட்டை வீல் பிடிக்கிற வரைக்கும் இறுக்கி, சுத்திக்கிட்டே ஆறுல ஒரு சுத்து பின்னாடி விடு. லாக் வாஷர், வெளி நட்டு, வாஷரை மடக்கு. ரெண்டு பக்கமும் முடிஞ்சதும் டோ-இன் பாரு, அதான் முன் வீல் ரெண்டும் முன்னாடி லேசா உள்ள பாக்கறது. டயர் நடுவுல சுண்ணாம்பு பூசி, சுத்திவிட்டு ஆணியால கோடு கிழி. ஹப் உயரத்துல முன்னாடி கோட்டுக்குக் கோடு டேப் பிடி, பின்னாடியும் பிடி. முன்னாடி 1-லேருந்து 2 மில்லிமீட்டர் குறைவா இருக்கணும்.

ஊட்டி சித்தப்பா · 2:31
மூடி மாத்தினேன். 95-லயும் கொதிக்கல.

விக்னேஷ் · 2:52
[படம்]
2.3 கிலோ

கோத்தகிரி பெரியப்பா · 2:54
சீலை மாட்டு. இடது பக்கம் எல்லாம் திறந்து ராத்திரி விடாத, பனி இறங்கும். நாளைக்குக் காலையில ஆரம்பி.