செம்பில் களிம்பு: பழைய நகையைத் தேய்ப்பதற்கு முன்

மந்தைவெளியிலிருந்து:

என் தாய்வழித் தாத்தா கரூரில் வேலை பார்த்த காலத்தில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்கி வைத்த இரண்டு செப்பு மோதிரங்கள், அவர் காலமான பின் ஒரு மாத்திரை டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பெரிய மோதிரத்தின் முகப்பில், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் தெரியும்படி, மீன் போன்ற ஓர் உருவம் கீறப்பட்டிருந்தது. இப்போது இல்லை. ஆயுத பூஜைக்காக வீட்டுப் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்த என் அத்தை, பிரியத்தோடு அந்த மோதிரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். கால் மணி நேரத்தில் அது புதுச் செம்பாக மின்னியது. மீன் போய், முகப்பெங்கும் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரிந்தன.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்துகொண்டேன். நெடுங்காலம் மண்ணில் கிடக்கும் செம்பின் மேற்பரப்பு சிறுகச் சிறுகத் தாதுவாகவே மாறிவிடுகிறது: உலோகத்தை ஒட்டிச் செந்நிறக் குப்ரைட், அதற்கு மேல் பச்சை மாலகைட். ஆசாரி கீறிய கோடு பெரும்பாலும் அந்தத் தாது அடுக்கில்தான் தங்கியிருக்கும் என்பதால், புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது கோடும் சேர்ந்தே கரைகிறது. உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். அங்கே நீங்க வேண்டியது இங்கே நீங்கக் கூடாதது என்பதைத் தினமும் திருநீறு பூசும் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐயம் உள்ளவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் சற்று நேரம் நின்று பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் தேய்ப்பும் கண்ட திருமேனிகளில் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போவதுண்டு. மண்ணுக்குள் புதைந்திருந்து புதையலாக வெளிவந்த சிலவற்றில் அணிகலன்களின் நுணுக்கம் கூட அப்படியே இருக்கிறது.

இரண்டாவது மோதிரத்தை நான் தொடவில்லை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, வளையத்தின் அடிப்பக்கம் விரலில் கிடந்து தேய்ந்து மெலிந்திருப்பதும், அந்தத் தேய்ந்த இடத்தின் மேலேயே களிம்பு இடைவெளியின்றிப் படர்ந்திருப்பதும் தெரிந்தன. முதலில் தேய்மானம், பிறகு களிம்பு. ஒரு பொருள் உண்மையிலேயே பழையதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

குரோம்பேட்டையிலிருந்து:

அந்த வரிசையை அறியாமல் எண்ணூறு ரூபாய் இழந்தவன் நான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ‘சோழர் காலத்துக் காப்பு’ என்று ஒன்றை வாங்கினேன். நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தார்ப்பாயில் பரப்பி விற்கிறார்கள் என்பதிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கையில் உரசும் உட்புறம், வெளிப்புறம், மடிப்பு என எங்கும் ஒரே பச்சை, சுவருக்குச் சாயம் அடித்ததைப் போல. சாயத்தைக் கரைக்கும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒற்றினேன். பஞ்சு பச்சையானது, காப்பில் அரம் இழுத்த நேர்க்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மண்ணில் விளைந்த களிம்பு அசிட்டோனுக்குக் கரையாது.

ஆனால் கரையாதவை எல்லாம் அசல் என்று நம்பிவிட வேண்டாம். உப்பும் அம்மோனியாவும் கொண்டு சில நாட்களில் வரவழைத்த களிம்பும் உண்மையான செப்பு உப்புதான், அதுவும் அசிட்டோனில் கரையாது. அத்தகையதை ஈர்க்குச்சி முனையால் சுரண்டினால் பெரும்பாலும் மாவாக உதிரும். அடியில் செந்நிற அடுக்கு இராது, நேராகப் பளபளக்கும் செம்புதான்.

திருவொற்றியூரிலிருந்து:

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். பாட்டி வழியில் வந்த வெண்கலத் தண்டையில் மழைக்காலத்தில் மட்டும் வெளிர்பச்சைத் துகள் பூக்கும். துடைத்தால் சில நாட்களில் அதே புள்ளியில் மீண்டும் வரும். கெட்டியாகப் படிந்த கரும்பச்சையைக் கண்டு கவலைப்பட வேண்டாம், இந்தத் துகளைக் கண்டால் பட வேண்டும். உலோகத்துக்குள் சிக்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்பதை வெண்கல நோய் என்கிறார்கள். அதை அடியோடு நீக்குவது பயிற்சி பெற்ற வேதியியலாளரின் வேலை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சீர்செய்திருக்கிறார்கள். அதை வீட்டு பேட்டரியில் முயன்று பார்க்கும் ஆசையை நானே ஒருமுறை அடக்கிக்கொண்டேன். நம்மால் செய்யக்கூடியது ஈரத்தைக் குறைப்பதுதான்: தண்டை இப்போது காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகளோடு இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் அந்த மணிகள் விரைவாக இளஞ்சிவப்பாகிவிடுவதால், ஞாயிறுதோறும் திறந்து பார்த்து மாற்றுகிறேன்.