குளியலறையில் இரவு இரண்டு மணிக்குப் போன் வெளிச்சம்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

வெள்ளவத்தை அப்பா:
மகன் தரம் 9. ஃப்ரீ ஃபயர் கேம் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தோம். போன மாதம் ஒரு இரவு இரண்டு மணி, குளியலறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம். பேச்சுச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் பைப்பைத் திறந்து விட்டிருக்கிறான். தட்டினேன். திறந்தான். போன் வாளிக்குள், மேலே துவாய். எடுத்துப் பார்த்தால் டிஸ்கோர்ட் என்கிற அரட்டைச் செயலியில் யாரோ முன்பின் தெரியாத ஆள், "வீட்டில் எல்லோரும் நித்திரையா?" என்று கேட்டிருக்கிறான். அடித்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. அவன் அழவில்லை. திரும்பிப் போய்ப் பைப்பை மூடிவிட்டு வந்து நின்றான். அந்தப் பைப்பை மூடிய விதம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போன் இப்போது என் அலுமாரியில். ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

கொட்டாஞ்சேனை:
அடித்தது சரி அண்ணா, மனதைப் போட்டுக் குழப்பாதீர்கள். நான் மகளுக்கு ரவுட்டரையே கழற்றி வைத்தேன். மூன்றாம் நாள் விடிய எழும்பினால் ஆளைக் காணோம். ஐந்தாம் மாடி பல்கணியில் ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியில் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்து வீட்டு வைஃபை அந்த மூலையில்தான் பிடிக்குமாம். கூப்பிடவும் பயம், சும்மா நிற்கவும் பயம். அன்றைக்கே ரவுட்டரை மாட்டிவிட்டேன்.

மருதானை அம்மா:
கொட்டாஞ்சேனை அண்ணா, அடித்தது சரி என்கிறீர்கள், கடைசியில் நீங்களே ரவுட்டரை மாட்டியிருக்கிறீர்கள்! 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினதும் சூம் வகுப்புக்கென்று கையில் போனைக் கொடுத்தது யார்? நாங்கள்தானே. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. கடன் வாங்கித்தான் அந்தப் போனையே வாங்கினேன்.

கொட்டாஞ்சேனை:
கொடுத்தது படிக்க அக்கா, பல்கணியில் ஏற இல்லை.

தெஹிவளை தம்பி:
என் சொந்த அக்காவின் மகனிடம் ஒருவன் படம் வாங்கிவிட்டுப் பிறகு காசு கேட்டான். வீட்டில் தெரிய ஒரு கிழமை ஆனது. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளை சோறே சாப்பிடவில்லை. கதை அவ்வளவுதான்.

வெள்ளவத்தை அண்ணா, அந்த ஆளின் மெசேஜ்களை அழித்துவிட வேண்டாம். முதலில் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிறகு ப்ளொக் பண்ணுங்கள். எல்லோரும் கோபத்தில் முதலில் அழித்துவிட்டு, பொலிஸில் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் திரும்பவும் கேட்பான். 1929க்கு எடுங்கள். அது இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம், அழைப்புக்குக் காசு இல்லை. படம் ஏதும் போயிருந்தால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து உருவாக்கும் ஒரு அடையாளக் குறி, கைரேகை மாதிரி, அது மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியை வைத்துப் படத்தைத் தேடித் தூக்கும். வட்ஸ்அப்பில் தனிப்பட அனுப்பியதை அதனால் பிடிக்க முடியாது. இன்னொன்று, டிஸ்கோர்டில் தெரியாத ஆட்களின் மெசேஜ் வராமல் செட்டிங்கில் நிறுத்தலாம், அதைப் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து செய்யுங்கள், ஒளித்துச் செய்தால்...

வெள்ளவத்தை அப்பா:
தம்பி, நான் செட்டிங் கேட்கவில்லையே. சரி, ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டேன், அதற்கு நன்றி.

நேற்று இரவுச் சாப்பாட்டில் அவனே தொடங்கினான். "அப்பா, அந்த ஆள் நான் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டவர்." சொன்னாயா என்றேன். இல்லை என்றான். மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தான், எடுத்து முடிந்த துண்டிலும். மனைவி இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடியும் வரை நானும் எழும்பவில்லை.

நாளைக்கு 1929க்கு எடுக்கப் போகிறேன். அவனிடம் சொல்லிவிட்டுத்தான்.