யூலும் கிறிஸ்துமஸும் ஒரே வீட்டில்: அனுபவப் பகிர்வு

லண்டன், கலப்புக் குடும்பங்கள் பற்றி

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய மரபுகளை இன்று பின்பற்றும் பேகன்களுக்கு யூல் என்பது வருடத்திலேயே பகல் மிகக் குறுகிய நாள். பெரும்பாலும் டிசம்பர் 21, சில வருடம் 22. 2023-ல் லண்டன் நேரப்படி 22 அதிகாலை 3.27-க்கு வந்தது, நியூயார்க்கில் அப்போது 21 இரவு 10.27. 2025-ல் லண்டனில் 21 பிற்பகல் 3.03. அதனால் ஊருக்கு ஊர் தேதி மாறினால் யாரும் தப்பாகக் கணக்குப் போட்டதாக அர்த்தமில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பேகன்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "எப்படியும் எல்லோரும் கூடுகிறோமே" என்று யூலை 25-க்குத் தள்ளிவிடுவார்கள். அன்று மாமியார் வீட்டு அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும், டிவியில் மன்னர் உரை ஓடும். அதற்கு நடுவில் விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 21-ஐ 21-லேயே வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அன்று நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்குச் சடங்கு, ஏழுக்குச் சாப்பாடு, பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கலாம். 25 முழுவதும் உறவினருக்கு. பரிசு விஷயத்தில் 21-ல் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று, சின்னதாக. பெரிய பெட்டிகளைத் தாத்தா பாட்டிக்கு விட்டுவிடுங்கள். இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

யூல் கட்டை (மெழுகுவர்த்தி நிறுத்தும் மரக்கட்டை) செய்வோருக்கு: 35 முதல் 40 செ.மீ. நீளம், 10 முதல் 12 செ.மீ. விட்டம், ஓக் அல்லது பிர்ச். ஒரு வருடமாவது காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டை ஹீட்டர் போட்ட அறையில் வெடித்துத் துளை அகன்றுவிடும், மெழுகுவர்த்தி ஆடும். அடிப்பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கினால்தான் உருளாது. 10 செ.மீ. இடைவெளியில் மூன்று துளை, 22 மி.மீ. ட்ரில் பிட், 25 மி.மீ. ஆழம். மெழுகுவர்த்திகள் ஒரே தடிமனில் வருவதில்லை, அளந்துவிட்டுத் துளையுங்கள். துளைக்குள் உலோகக் கிண்ணம் கட்டாயம். ஹாலி, ஐவி தழையைக் கட்டையின் காலடியில் மட்டும் வையுங்கள். நாலு நாள் காய்ந்த ஹாலி படபடவென்று பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி 5 செ.மீ. ஆனதும் அணைத்துவிடுங்கள். மிசில்டோ பழம் பிள்ளைகள், நாய்கள் வாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும், வயிற்றைக் கெடுக்கும்.

லீட்ஸ், சாப்பாட்டு மேசை பற்றி

தேதியை விடப் பெரிய விஷயம் படையல். நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மரபில் வரும் ஹீத்தன்கள் என்ற பேகன்கள் யூலுக்குத் தேன்மதுவையோ பியரையோ தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் அர்ப்பணித்து, கொம்புக் கோப்பையில் சுற்றிவிடுவார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் சுவிசேஷ சபை உறவினருக்கு விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8-ம் 10-ம் அதிகாரங்கள் மனப்பாடமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிரசாதத்தை வாங்க மறுக்கும் கிறிஸ்தவர்களை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவமதிக்க வேண்டும் என்று அவர்கள் மறுப்பதில்லை, அவர்கள் சட்டம் அப்படி.

இதற்கு வழி எளிது. படைக்கிற பாட்டிலும் பரிமாறுகிற பாட்டிலும் வேறு வேறாக இருக்கட்டும். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தோட்டத்து மரத்தடியில் படையலை ஊற்றி முடித்துவிடுங்கள். மேசைக்கு வரும் பாட்டிலை அவர்கள் கண் முன்னால் திறங்கள். கொம்பை மேசையில் சுற்ற விடாதீர்கள். விரும்புகிறவர்கள் தனியாக எழுந்து போய்க் குடிக்கட்டும். இறைச்சிக்கும் அதே விதிதான், சமைத்ததில் ஒரு துண்டை முதலிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டால் மீதி சாதாரணச் சாப்பாடு. சில ஹீத்தன்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: முழுவதும் பகிர்ந்தால்தான் படையல் என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஆட்களோடு 21-ல் அதை முடித்துக்கொள்வதே மரியாதை.

எல்லாவற்றையும் விட மோசம், சாப்பிட்டு முடித்த பிறகு "இது எங்கள் தெய்வம் ஓடினுக்குப் படைத்தது, தெரியுமா?" என்று சிரிப்பது. அந்தக் குடும்பத்தில் அடுத்த டிசம்பர் அழைப்பு வராது. நியாயம்தான்.

மது தொடாத மெதடிஸ்ட் உறவினருக்கும் பிள்ளைகளுக்கும்: 2 லிட்டர் ஆப்பிள் ஜூஸ், பட்டை 2, கிராம்பு 6, வட்டமாக நறுக்கிய ஆரஞ்சு ஒன்று. சிறு தீயில் 20 நிமிடம். கொதிக்க விட்டால் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து கசந்துவிடும். ஆறிய பிறகு கிராம்பை எடுத்துவிடுங்கள்.

அவர்கள் ஜெபம் செய்யும்போது நீங்கள் சும்மா இருந்தால் போதும், ஆமென் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கத்தோலிக்க நள்ளிரவுத் திருப்பலிக்குக் கூடப் போனால், நற்கருணை வரிசை வரும்போது இருக்கையிலேயே இருங்கள். இங்கிலாந்தில் பல பங்குகளில் கைகளை மார்பின் குறுக்கே வைத்துப் போனால் ஆசீர் மட்டும் கொடுப்பார்கள். அது வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

ரெய்க்யவிக், "எங்கள் பண்டிகையைத் திருடிவிட்டார்கள்" பற்றி

மேசையில் இந்தப் பேச்சை எடுக்கிற பேகன் பாதி வரலாறுதான் படித்திருப்பார். டிசம்பர் 25-ஐச் சூரியனின் நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்றும், கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்றும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன: கி.பி. 354-ல் ரோமில் தயாரான காலண்டர். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மார்ச் 25-ல் கருத்தரிப்பு, அதிலிருந்து ஒன்பது மாதம் என்று கணக்கிட்டார்கள் என்பது இன்னொரு வாதம். அலங்கரித்த மரமோ இன்னும் பிந்தியது. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்ட மரங்கள் பற்றிய குறிப்பு இருக்கிறது; அவை கிறிஸ்தவ வீடுகள்தான்.

மறுபக்கமும் உண்டு. 725-ல் பீட் என்ற துறவி, ஆங்கிலேயர்கள் கிறிஸ்தவராவதற்கு முன் கிறிஸ்துமஸ் இரவையே "தாய்மார் இரவு" என்று கொண்டாடியதாக எழுதினார். நார்வே மன்னர் ஹாகோன், 10-ம் நூற்றாண்டில், யூலைக் கிறிஸ்துமஸ் நாளிலேயே தொடங்க வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் ஓர் அளவு மால்ட்டில் பியர் காய்ச்சி அது தீரும் வரை பண்டிகை கொண்டாட வேண்டும் என்றும் சட்டம் போட்டதாக ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதுகிறார். ஆக, தேதியை இணைத்தது நடந்திருக்கிறது. ஆனால் ஸ்னோரி 13-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"கிறிஸ்துமஸ் பேகன் பண்டிகை" என்று உரக்கச் சொன்னவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். மாசசூசெட்ஸில் 1659-ல் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டு, 1681-ல்தான் எடுத்தார்கள். இதைச் சொன்னால் மேசையில் இரண்டு பக்கமும் சிரிக்கும்.

இங்கே ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் தெய்வங்களை வழிபடுவோரின் ஆசாத்ரு சங்கம் 1972-ல் தொடங்கி 1973-ல் அரசு அங்கீகாரம் பெற்றது. சங்கத்துக்காரரும் லூத்தரன்காரரும் பண்டிகைக்குச் சொல்வது ஒரே பெயர், யோல். அதனால் வாழ்த்துச் சொல்வதில் யாரும் தடுமாற வேண்டியதில்லை. இந்த வசதி ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குக் கிடையாது.

விஸ்கான்சின், பொது இடத்து அலங்காரம் பற்றி

2007 டிசம்பரில் கிரீன் பே நகர மன்றக் கட்டடத்தில் கிறிஸ்து பிறப்புக் குடில் வைத்தார்கள். மற்றவர்களும் வைக்கலாம் என்றதும், பேகன் பிரிவான விக்காவின் சின்னமான ஐந்துமுனை நட்சத்திரம் பொருத்திய பசுந்தழை வளையம் ஒன்று வந்தது. யாரோ அதைப் பிடுங்கிச் சேதப்படுத்தினார்கள். அதன் பிறகு புது அலங்காரங்களே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

இதிலிருந்து கற்க வேண்டியது நடைமுறை. அமெரிக்காவில் அரசு இடத்தைத் தனியார் அலங்காரத்துக்குத் திறந்துவிட்டால் மதம் பார்த்து மறுக்க முடியாது. 1995-ல் ஒஹாயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிலுவைக்கு அந்த உரிமையைக் கொடுத்தது, அதே உரிமை நட்சத்திரத்துக்கும் உண்டு. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், அளவையும் எடையையும் குறிப்பிடுங்கள், பொருத்திய அன்றே தேதி தெரியும் புகைப்படம் எடுங்கள். நூல் கட்டாதீர்கள், கம்பியால் நாலு இடத்தில், கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கீழே இரண்டு வரி விளக்கப் பலகை வைத்தால் "சாத்தான் சின்னம்" என்ற புகார் கணிசமாகக் குறையும். குடிலுக்கு எதிராக வைக்கிறோம் என்ற தொனி பலகையில் ஓர் எழுத்தில்கூட வரக்கூடாது. உள்ளூர் பாதிரியாரிடம் முன்கூட்டிப் போய்ச் சொல்வது சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.

பர்மிங்ஹாம், வேலை, பள்ளி

இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டம் மத நம்பிக்கையைக் காக்கிறது, பேகன் நம்பிக்கையையும் சேர்த்து. ஆனால் கேட்ட நாளில் விடுப்புத் தந்தே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுப்பு பாரபட்சமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நடைமுறையில் வேலை செய்வது பண்டமாற்று. மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் போன்ற இடங்களில் அக்டோபரிலேயே "25-ஐ நான் பார்த்துக்கொள்கிறேன், 21 மாலையும் 22-ம் எனக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் கிறிஸ்தவ சகாக்களே உங்களுக்காகப் பேசுவார்கள். டிசம்பர் 10-க்கு மேல் கேட்டால் ரோஸ்டர் மூடியிருக்கும்.

பள்ளியில் கூட்டு வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கரோல் பாட்டுக்காக அதைப் பயன்படுத்துவது பிள்ளையைத்தான் தனிமைப்படுத்தும். ஹாலியும் ஐவியும் பற்றிய கரோலைப் பாடும்போது எந்தப் பேகன் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

மெல்பர்ன்

இங்கே தலைகீழ். டிசம்பர் 21-22 கோடை உச்சம், பேகன்களுக்கு லீத்தா. யூல் ஜூனில் முடிந்துவிட்டது. அதனால் கிறிஸ்துமஸோடு மோதலே இல்லை. பிளாஸ்டிக் பனி தூவுகிற கிறிஸ்தவர்களுக்குத்தான் பருவம் ஒட்டாது. லீத்தாவுக்குத் தீ மூட்ட நினைப்பவர்கள் முதலில் தீத் தடை நாளா என்று பாருங்கள். தடை என்றால் வெளியில் விறகுத் தீயே கூடாது, பேட்டரி விளக்குதான்.

வில்ட்ஷையர், ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கிறிஸ்தவ நண்பர்களைக் கூட்டிப் போவோருக்கு

யூல் காலையில், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு கற்களுக்கு நடுவே இலவசமாக விடும். நேரம் வெளிச்சத்தைப் பொறுத்தது. சூரிய உதயம் சுமார் 8.10. கற்களின் அமைப்பு குளிர்காலத்தில் நேராகப் பார்ப்பது அஸ்தமனத்தை, கூட்டம் கூடுவது உதயத்துக்கு. மது, மெழுகுவர்த்தி, ஒலிபெருக்கி, நாய் அனுமதி இல்லை. கல் மேல் ஏறக்கூடாது. டிரூயிட்டுகள் என்ற பேகன் பிரிவினர் வட்டமாக நிற்கும்போது கை கோக்கச் சொல்வார்கள். விருப்பமில்லாத நண்பர் ஓரமாக நின்று பார்க்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். புல்லில் சேறு கணுக்கால் வரை ஏறும், பூட்ஸ் போடச் சொல்லுங்கள். கார் நிறுத்த இடம் குறைவு, சாலிஸ்பரியிலிருந்து பஸ்ஸில் வருவதே நல்லது.