நவம்பர்ல பூக்குற காட்டுச் செர்ரி, நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

செர்ரின்னாலே ஜப்பான், மார்ச் ஏப்ரல், அவ்ளோதான் மனசுல இருந்துச்சு. நவம்பர் நடுவுல வேலை விஷயமா மேகாலயாவுல இருக்குற ஷில்லாங் போனேன், காலைல வார்ட்ஸ் லேக் பக்கம் நடக்குறப்ப தூரத்துல ரோஸா தெரிஞ்சத காகிதப்பூன்னு நெனச்சு தாண்டியே போயிட்டேன், அப்புறம் ஏதோ தோணி திரும்பி வந்து அண்ணாந்து பாத்தா கொம்புல இலையே இல்ல, அடிலேர்ந்து நுனி வரைக்கும் பூ, ஒவ்வொண்ணும் அஞ்சு இதழ். பட்டைய தொட்டுப் பாருங்க, தேச்சு வெச்ச வெண்கலப் பானை மாதிரி பளபளன்னு, குறுக்கால கோடு கோடா இருக்கும். டீ வித்துட்டு இருந்த அம்மா ஹிந்தில சொன்னாங்க, இது வெளியூர்லேர்ந்து கொண்டாந்து வெச்சது இல்ல, எங்க மலையோட மரம், காட்டுக்குள்ள தானா வளருதுன்னு. 2016லேர்ந்து அங்க நவம்பர்ல இதுக்கு விழாவே நடத்துறாங்களாம், அதுவும் அவங்க சொல்லித்தான் தெரியும். அடுத்த வருஷம் ஆசையா மாசக் கடைசில போனேன், எல்லாம் கொட்டி முடிஞ்சிருந்துச்சு. போறவங்க தேதிய நல்லா விசாரிச்சுட்டு போங்க.

---

நான் பாத்தது உத்தராகண்ட்ல குமாவுன் மலைப்பக்கம், அல்மோரா ஊருக்கு மேல. அங்க பைய்யான்னு சொல்றாங்க, ஹிந்தில பதம். எனக்கு பூவ விட சத்தந்தான் ஞாபகம் இருக்கு, மரத்தடில நின்னா தலைக்கு மேல முழுக்க தேனீ, ங்ங்ங்னு ஒரே ரீங்காரம். குளிர் வந்து மத்த பூவெல்லாம் ஓஞ்சு போற நேரத்துல இது பூக்குறதால அந்தப் பக்கத்து தேனீக்கெல்லாம் இதுதான் சாப்பாடு. நான் போட்டோவுக்காக ஒரு சின்னக் கொம்ப வளைச்சேன், தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் சட்டுன்னு கையப் புடிச்சுட்டாரு, சாமி மரம், சும்மா ஒடிக்கக் கூடாதுன்னு. கல்யாணப் பந்தல்ல நாம மாவிலை கட்டுறோம்ல, அங்க இந்த இலைய கட்டுவாங்களாம். வெக்கமாப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் எந்த மரத்துக் கொம்பையும் நான் வளைக்கிறது இல்ல.

---

பழம் யாரும் சொல்லலயே? நான் போனது பூ முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு, கடைல விக்குற செர்ரி மாதிரி இருக்கும்னு வாயில போட்டேன், புளிப்பும் கசப்பும்தான், சதையும் கம்மி. கொண்டைக்குருவிங்க மட்டும் கூட்டமா வந்து தின்னுட்டு இருந்துச்சுங்க. கொட்டைய மட்டும் கடிச்சுடாதீங்க ப்ளீஸ், கசப்பு பாதாம் வகையறா, உள்ள பருப்புல விஷம் இருக்கு.

---

இதே மரத்த நான் தாய்லாந்துல சியாங் மாய் மலைல ஜனவரில பாத்தேன்! மலைச்சரிவு பூரா ரோஸ். ஆமா, அல்மோரால அந்த ரீங்காரம் கேக்கணும்னா காலைலயே போகணுமா, இல்ல வெயில் ஏறினப்புறமா?