டெலஸ்கோப்பில் போனை மாட்டி எடுத்தால் நிலா வெள்ளைத் தட்டாக வருகிறது, என்ன செய்யலாம்?

மாடிவானம்:
வணக்கம். 114 மி.மீ. கண்ணாடி, 900 மி.மீ. குவியத்தூரம் கொண்ட நியூட்டோனியன் டெலஸ்கோப் இருக்கிறது. கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்). மதுரையில் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்க்கிறேன். கண்ணால் பார்த்தால் பள்ளம் மேடு எல்லாம் அருமையாகத் தெரிகிறது. போனை ஹோல்டரில் மாட்டி எடுத்தால் வெறும் வெள்ளைத் தட்டு. நைட் மோடு போட்டால் இன்னும் மோசம், இழுபட்டும் போகிறது. 10 மி.மீ. ஐபீஸில் உருவம் நெளிந்துகொண்டே இருக்கிறது. பூமி சுற்றுவதுதான் காரணம், மோட்டார் வைத்த ஸ்டாண்ட் வாங்கு என்கிறார் கடைக்காரர். அதன் விலை டெலஸ்கோப்பையே தாண்டுகிறது!

பிறைநோக்கி:
மோட்டார் வேண்டாம், பணத்தை வையுங்கள். வானம் நகர்வது நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). உங்கள் கண்ணாடியால் பிரித்துக் காட்ட முடிவதே சுமார் 1 ஆர்க்செகண்ட். 1/500 நொடியில் நிலா 0.03 ஆர்க்செகண்ட்தான் நகரும், படத்தில் தெரியவே தெரியாது. நைட் மோடு சில நொடிகளுக்குப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும், அப்புறம் இழுபடாமல் என்ன செய்யும்?

வெளுப்பது வேறு கதை. நமக்குத்தான் ராத்திரி, நிலாவில் நாம் பார்க்கும் இடத்தில் பட்டப்பகல். வெயிலில் கிடக்கும் பாறையைப் படம் பிடிக்கிறோம். போனோ சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்து, இருட்டு என்று முடிவுகட்டி ஒளியைக் கூட்டிவிடுகிறது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) 100 வையுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் பௌர்ணமி நிலாவுக்கு 1/1000 நொடியில் தொடங்கி, வெளுத்தால் 1/2000, 1/4000 என்று போங்கள். அரை நிலா மங்கலானது, 1/500 பக்கம் போதும். ப்ரோ மோடு இல்லையென்றால் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸ் பூட்டியதும் வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். எடுக்கும்போது போனைத் தொடவே கூடாது, 3 நொடி டைமர் போடுங்கள்.

நிலா என்று கண்டுகொண்டதும் தானாகவே விவரம் சேர்க்கிற போன்களும் உண்டு. அந்த ஏஐ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது நீங்கள் எடுத்த படமே இல்லை.

பழைய லென்ஸ்:
தம்பி, நெளிவதற்குக் காரணம் உங்கள் மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில் வெகுநேரம் சூட்டைக் கக்கும். தோட்டமோ மண் தரையோ இருந்தால் அங்கே வையுங்கள், அல்லது நேரம் தள்ளிப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து டெலஸ்கோப்பை எடுத்து வந்தால் அரை மணி நேரமாவது வெளியே விட்டுவைக்க வேண்டும்.

இன்னொன்று, பௌர்ணமியை விட்டுவிடுங்கள். வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத்தான் வரும். வளர்பிறை அஷ்டமியில் இருளும் ஒளியும் சேரும் கோட்டை ஒட்டி டாலமியஸ், அல்ஃபோன்சஸ், அர்சாகெல் மூன்று பள்ளங்களும் வரிசையாக நிற்கும். தசமி வாக்கில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் வெளியே வரும். அஷ்டமி நிலா மாலையிலேயே உச்சியில் இருக்கும், அதுவும் வசதி.

மாடிவானம்:
ரொம்ப நன்றி அண்ணா. நேற்று 1/500 வைத்து எடுத்தேன், பள்ளங்கள் தெரிகின்றன! இரண்டு கேள்வி. சந்திரயான்-3 இறங்கிய இடம் இதில் கிடைக்குமா? நண்பரின் டிஎஸ்எல்ஆரை நேராக மாட்டினால் ஃபோகஸே ஆகவில்லை, ஏன்?

பழைய லென்ஸ்:
விக்ரம் லேண்டரின் அகலம் 2 மீட்டர். நிலாவில் 1 ஆர்க்செகண்ட் என்பது சுமார் 1.9 கி.மீ. வாய்ப்பே இல்லை தம்பி. ஆனால் இறங்கிய வட்டாரத்தைப் பிடிக்கலாம்: தென்விளிம்பு அருகே, 69 டிகிரி தெற்கு, மான்சினஸ் பள்ளத்துப் பக்கம். நியூட்டோனியனில் உருவம் தலைகீழாக விழும், படத்தைத் திருப்பிவிட்டுத் தேடுங்கள்.

பிறைநோக்கி:
டிஎஸ்எல்ஆரின் சென்சார் உடலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. உங்கள் ஃபோகஸர் (ஐபீஸை உள்ளே வெளியே நகர்த்தும் குழாய்) அந்த அளவுக்கு உள்ளே போகாது. உருவத்தை இரண்டு மடங்காக்கும் 2எக்ஸ் பார்லோ லென்ஸ் ஒன்றை இடையில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிலாவின் உருவம் 8 மி.மீ.-இலிருந்து 16 மி.மீ. ஆகும், பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் உயரம் 15 மி.மீ.தான், முழு நிலா அடங்காது. அரை நிலா என்றால் கேமராவைத் திருப்பி நீளவாக்கில் அடக்கிவிடலாம்.

அதற்குச் செலவு செய்யும் முன், போனிலேயே ஒரு நிமிட வீடியோ எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற கணினி மென்பொருளில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். நெளியாத பிரேம்களைப் பொறுக்கி ஒன்றாக அடுக்கித் தரும்.