அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு அட்டை: படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதத் தெரியவில்லை

உப்பளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறோம், வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு அட்டை அடிக்க வேண்டும். படம், தோற்றம், மறைவு, ஒரு வசனம், அதுக்குக் கீழே எங்கள் பேரில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியில்தான் மூன்று வாரமாக நிற்கிறேன். அச்சகத்தில் காட்டிய மாதிரியெல்லாம் 'பாசத்தின் சிகரமே, பண்பின் இமயமே' ரகம். அப்பாவைத் தூக்கிவிட்டு வேறு யார் படத்தை வைத்தாலும் பொருந்தும்.

அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. சி.எஸ்.ஐ. சபை, அதாவது புராட்டஸ்டண்ட். இருட்டின பிறகு நாங்கள் நாலு பேரும் வீடு வந்து சேராமல் சோற்றுப் பானையைத் திறக்க விட மாட்டார். எல்லாரும் பாயில் உட்கார்ந்ததும் ஜெபம் ஆரம்பிக்கும். எங்கள் ஒவ்வொருத்தர் பேர், பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் பேர், கடன் கொடுத்த செட்டியார், சினையாக இருக்கிற ஆடு என்று போய்க்கொண்டே இருக்கும். பாதியில் அம்மா கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். அப்பா கண்ணைத் திறக்காமலே "இதோ முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு பேருக்காக ஜெபிப்பார்.

அம்மா பிறந்த வீடு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் கோயிலுக்கு வந்துவிட்டாள், ஆனால் உவரிக் கோயில் புனித அந்தோனியாரை விடவில்லை. அப்பாவுக்குச் சுரூபம் (புனிதர் சிலை), மெழுகுதிரி இதிலெல்லாம் ஒப்புதல் கிடையாது. இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் மாறி அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போவார். உள்ளே வர மாட்டார், வெளியே மணலில் எங்களோடு உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருப்பார். அம்மா வெளியே வந்ததும் "அந்தோனியார் சுகமா இருக்காரா?" என்பார்.

இப்போது இரண்டு சிக்கல். அம்மா தன் பிறந்த ஊர்க் கோயிலில் அப்பாவுக்காக ஒரு பூசை (திருப்பலி) வைக்க ஆசைப்படுகிறாள், சித்தப்பா கூடவே கூடாது என்கிறார். அடுத்தது அக்கா. அவளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு என்னைத்தான் கல்லூரிக்கு அனுப்பினார். "நல்ல தகப்பன்னு நீ எழுதிக்கோ, என் பேரை அதுக்குக் கீழே போடாதே" என்கிறாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. என்னதான் எழுதுவது?

---

ஞாயிறுபள்ளி டீச்சர்:

தம்பி, முதலில் வசனத்தை முடிவு பண்ணுங்கள், மற்றது தானாக வரும். நம் பக்கம் பத்து கல்லறைக்குப் போனால் பாதியில் 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்'தான் இருக்கும். அது பவுல் ஜெயிலில், சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்து தன் சீடன் தீமோத்தேயுக்கு எழுதினது. நல்ல வசனம்தான், ஆனால் ஆடு வரைக்கும் ஜெபம் பண்ணின மனுஷனுக்கு வேதாகமத்தில் 128-ஆம் சங்கீதம் 3-ஆம் வசனம் இருக்கிறதே! 'உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள்.' நீங்கள் எழுதின பாயும் பானையும் அதில் அப்படியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அச்சகத்துக்காரர் கணினியில் எந்த மொழிபெயர்ப்பு கிடைக்கிறதோ அதை எடுத்துப் போட்டுவிடுவார். அப்பா வாசித்தது பழைய வேதாகமமாக இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் சங்கீதம் என்பதே திருப்பாடல்கள் ஆகிவிடும், வாசகமும் மாறும். அவர் வாயிலிருந்து கேட்ட சொல்லாகவே இருக்கட்டும். அதே மாதிரி 'இறைவனடி சேர்ந்தார்' என்று மாதிரியில் இருந்தால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று மாற்றச் சொல்லுங்கள். சபையில் பெரியவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

---

கடலோரத்தான்:

பூசை விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன், நான் ஆர்.சி. உங்கள் சித்தப்பா சொல்வது உங்கள் பக்கத்து நியாயம். ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தவருக்காக இனி ஏன் வேண்ட வேண்டும், அவர் வாழ்ந்ததுக்கு நன்றி சொன்னால் போதும் என்று உங்கள் சபையில் போதிப்பார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அந்த மாதம் முழுக்கவே இறந்தவர்களுக்கான மாதம், இன்னாருக்காக என்று பேர் சொல்லிப் பூசைக் கருத்து கொடுப்போம். கத்தோலிக்கர் அல்லாதவருக்காக வைக்கலாமா என்று சந்தேகம் வேண்டாம். உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 901-லேயே இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் அம்மாவே நேரில் போய்க் கேட்கட்டும்.

சித்தப்பாவைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே வர மனசில்லை என்றால் அப்பா மாதிரி வெளியே உட்காருங்கள். பனங்கிழங்கு கிடைக்கிற மாதமா பார்த்துக்கொள்ளுங்கள் :)

---

மூத்தவள்:

நானும் அந்த அக்கா மாதிரிதான், அதனால் எழுதுகிறேன். அட்டையில் 'அன்பே உருவான' என்று போட்டால் எனக்கும் கோபம்தான் வரும். அன்பு இல்லாமல் இல்லை, அந்தப் பணம் எங்கே போச்சு என்பதுதான் கேள்வி. பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம் அண்ணா. அவர் தினமும் செய்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். அது உண்மை என்று உங்கள் அக்காவும் ஒத்துக்கொள்வார். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால் அவரிடம் காட்டுங்கள், சும்மா தகவலுக்கு இல்லை, திருத்தச் சொல்லிக் காட்டுங்கள்.

---

உப்பளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. மூத்தவள் சொன்ன மாதிரி அக்கா வீட்டுக்கே போனேன். போகும்போது அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன், பரணில் கிடந்தது. உப்பளத்தில் மழை மாதங்களில் வேலை இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு, உப்புக் குவியல் மேல் ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், கிறிஸ்துமஸ் வருகிறதும் கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான். நோட்டில் அந்த மாதங்களில் வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, பற்றுப் பக்கம் மட்டும் நிறைந்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் அவர் ஜெபிக்க வேண்டியதைக் குறித்திருக்கிறார். ஆட்டுக்குக் கழிச்சல். சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு டிசம்பர்ப் பக்கத்தில் 'பெரியவள் படிப்பு' என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறார்.

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "எழுதத் தெரிஞ்சுது, எங்கிட்ட சொல்லத் தெரியலே" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. நோட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பூசைக்கு அம்மாவோடு நான் போகிறேன். சித்தப்பாவிடம் சொல்லியாகிவிட்டது, இரண்டு நாளாகப் பேசவில்லை, ஜெபக்கூட்டத்துக்கு வந்துவிடுவார்.

அட்டையில் 128-ஆம் சங்கீதம்தான், பழைய மொழிபெயர்ப்பு. கீழே நான் எழுதிக் கொண்டுபோனது: 'நாங்கள் எல்லாரும் வந்து சேரும்வரை அப்பா சாப்பிட்டதில்லை. எங்கள் பேரைச் சொல்லாமல் தூங்கியதுமில்லை.' அக்கா பேனாவை வாங்கி 'அப்பா' என்பதற்குப் பக்கத்தில் 'அம்மாவும்' என்று சேர்த்தாள். அப்புறம் தன் பேரை முதலில் போடச் சொன்னாள்.