புதுப்பிப்பு: இரவு 2 மணி வேலை காலை 7:30-க்கு ஓடியது ஏன்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் காலாவதியான செஷன்களை (பயனர் அமர்வுப் பதிவுகளை) அழிக்கும் ஃபங்ஷனை இரவு 2 மணிக்கு பிஜி-கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் போஸ்ட்கிரெஸ் நீட்சி) போட்டிருந்தும், அது காலை 7:30-க்குத்தான் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. பிஜி-கிரான் இயல்பாக ஜிஎம்டி (கிரீன்விச்) நேரத்தைத்தான் பார்க்கும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அட்டவணையை '30 20 * * *' என்று மாற்றினேன், அதாவது தினமும் 20 மணி 30 நிமிடம், ஜிஎம்டி இரவு 8:30. இப்போது சரியாக 2 மணிக்கு ஓடுகிறது. புதிய பதிப்புகளில் நேர மண்டலத்தையே மாற்றலாம்தான். ஆனால் மற்ற வேலைகளின் நேரமும் சேர்ந்து நகரும் என்பதால் அதைத் தொடவில்லை.

அப்புறம், ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கம், முடிவு, பிழைச் செய்தி எல்லாம் கிரான் ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பு) ஜாப்-ரன்-டீட்டெய்ல்ஸ் என்ற டேபிளில் பதிவாகும். அது தானாகக் காலியாகாது, பெருத்துக்கொண்டே போகும். ஒரு வாரத்துக்கு முந்தைய வரிசைகளை அழிக்க இன்னொரு வேலையும் போட்டுவிட்டேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.